ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்: கோழி எரு எப்போது?

கேள்வி, 2 பிப்ரவரி 2023

வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம் இருக்கிறது. செம்மண். கடப்பாரை போட்டால் டங்கென்று சத்தம் வருகிறது. பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணையில் எருவை அள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், காசு வேண்டாமாம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்று எங்கள் அம்மாயி சொல்லும். கோழி எருவைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நேராகக் கொட்டிக் கொத்திவிட்டுத் தக்காளி நடலாமா?

2 பிப்ரவரி, இரவு

நடாதீர்கள்.

கூண்டுக்கு அடியில் விழும் எச்சத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கும். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். பண்ணைக்குள் கால் வைத்ததும் கண் எரிகிறதே, அதுதான் காரணம். அதே அம்மோனியா மண்ணுக்குள் நாற்றின் வேருக்குப் பக்கத்தில் கிளம்பினால் வேர் நுனி வெந்துபோகும், இலை ஓரம் தீய்ந்துவிடும். செடி வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் பற்றாமல் வாடிய செடி அல்ல அது, அதனால் எவ்வளவு ஊற்றினாலும் எழாது.

ஆனால் கொடுக்கிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அள்ளி வாருங்கள். பாத்திக்குப் போக வேண்டாம், குழிக்குப் போகட்டும். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

3 பிப்ரவரி

அம்மாயி சொன்னது சரி. ஏன் சரி என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுக்கும் சராசரி அளவுகள் இவை. மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 0.5 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.2, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 0.5. ஆட்டு எருவில் 3, 1, 2. கோழி எருவில் 3.03, 2.63, 1.4. அதாவது தழைச்சத்தில் ஆட்டு எருவும் கோழி எருவும் ஏறக்குறைய ஒன்று. மாட்டு எரு அதில் ஆறில் ஒரு பங்குதான். தொழுவுரத்தில் இருக்கும் தழைச்சத்திலும் முதல் பயிருக்குக் கிடைப்பது சுமார் 30 சதவீதம். மீதி மண்ணிலேயே இருந்து அடுத்தடுத்த பயிருக்கு மெல்ல வரும். மறுவருஷம் என்பது இதைத்தான்.

ஒரு சென்ட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. சென்ட்டுக்கு 50 கிலோ வருகிறது. அதில் தழைச்சத்து 250 கிராம், முதல் பயிருக்குக் கிடைப்பது 75 கிராம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் இது 160 கிராம் யூரியாவுக்குச் சமம். இரண்டு கை யூரியா, அவ்வளவுதான்.

அப்படியானால் 50 கிலோவைச் சுமந்துகொண்டு வந்து எதற்குக் கொட்ட வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் எருவை விட்டு யூரியா மூட்டைக்குப் போனார்கள். உங்கள் மண்ணில் கடப்பாரை டங்கென்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு யூரியாவிடம் மருந்து கிடையாது. எரு மக்கி மண்துகளோடு ஒட்டும்போதுதான் மண் பொலபொலப்பாகும், பெய்த மழை வழிந்து ஓடாமல் இறங்கும், மண்புழு வரும். நான் எரு போடுவது முதலில் மண்ணுக்கு. செடிக்குக் கிடைப்பது அதற்குப் பிறகு.

3 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

காய்கறிக்கு அளவு கூட. கத்தரி, தக்காளிக்கு ஹெக்டேருக்கு 25 டன். சென்ட்டுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 3 சென்ட்டுக்கு 300 கிலோ நல்ல எரு தேவை. நல்ல எரு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். அதைப் பற்றித்தான் இனி எழுதப் போகிறேன்.

6 பிப்ரவரி

குழி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புத்தகத்தில் வரும் குழி 6 மீட்டர் நீளம், 1.5 முதல் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். அது மாடு கட்டியிருக்கும் தோட்டத்துக்கு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்துக்குக் குழியே வேண்டாம், நிழலில் ஓர் அம்பாரம், அதாவது குவியல், போதும். ஆனால் ஒன்று: உயரமும் அகலமும் மூன்று அடிக்குக் குறையக் கூடாது. சின்னக் குவியலில் சூடு தங்காது, சூடு ஏறாவிட்டால் களைவிதையும் சாகாது, நோய்க்கிருமியும் சாகாது.

கோழி எருவைத் தனியாகக் குவிக்காதீர்கள். அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் பத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். நுண்ணுயிர் வேலை செய்யக் கரிமம் பற்றாது, மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும். நெடி அடித்தால் சத்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு கூடை எருவுக்கு மூன்று நான்கு கூடை காய்ந்த இலை, சோளத்தட்டு, கடலைத்தொலி, எது கிடைக்கிறதோ அதைக் கலந்து அடுக்குங்கள். எங்கள் தாராபுரம் பக்கத்தில் முருங்கை இலையும் வேப்பிலையும் கூட்டிக் குவிக்கிற அளவுக்குக் கிடைக்கும். அதைத் தீ வைக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஈரம் எவ்வளவு? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைய வேண்டும்.

11 பிப்ரவரி

தேங்காய் நார் ஆலையில் நார்க்கழிவு சும்மா கிடைக்கிறது, அதைக் கலக்கலாமா என்று பொள்ளாச்சிக்காரர் கேட்கிறார். கலக்கலாம். கோழி எருவுக்கு அதைவிடப் பொருத்தமான சோடி கிடையாது. நார்க்கழிவில் கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல், கோழி எருவில் பத்து மடங்குதான். ஆனால் நார்க்கழிவில் லிக்னின் அதிகம், சருகு மாதிரிச் சட்டென்று மக்காது. பல்கலைக்கழகம் இதற்குச் சிப்பிக்காளான் பூசணத்தையே பயன்படுத்தச் சொல்லும் முறை ஒன்று வைத்திருக்கிறது. அவசரப்படாமல் நிறம் கறுக்கும்வரை விடுங்கள். பழுப்பாகவே இருக்கும் நார்க்கழிவைப் பாத்தியில் போட்டால், அது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

19 பிப்ரவரி

அம்பாரம் சூடாகிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்க வேண்டுமா? வேண்டாம். ஓர் இரும்புக் கம்பியை நடுவரைக்கும் சொருகி வையுங்கள். சற்று நேரம் கழித்து உருவி, நுனியைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்தபடி இருக்க முடியாமல் கை தானாக விட்டுவிட்டால் 55 டிகிரியைத் தொட்டிருக்கும். காலையில் அம்பாரத்தைக் கிளறினால் ஆவி பறக்கும். சில இடத்தில் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளையாக இருக்கும், அது சூட்டில் வளரும் நுண்ணுயிர். பயப்பட வேண்டாம். அந்த இடம் காய்ந்திருக்கும், கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

சூடு இறங்கியதும் வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் போட்டுப் புரட்ட வேண்டும். ஓரத்தில் கிடப்பது ஒருபோதும் சூடாகியிருக்காது. புரட்டாத அம்பாரத்தின் ஓரத்து எருவில்தான் களை அத்தனையும் முளைத்து வரும்.

20 பிப்ரவரி

களை என்றதும் நினைவுக்கு வந்தது. ஆட்டு எருவோ பட்டிக் குப்பையோ வாங்குகிறவர்களுக்கு முக்கியமான விஷயம்: சீமைக்கருவேலம். அந்தக் காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும், ஆனால் விதை செரிக்காமல் முழுசாக வெளியே வந்துவிடும். குடல் வழியாக வந்த விதை முளைப்பதற்குத் தயாராகவே இருக்கும். மக்காத எருவைப் போட்ட பாத்தியில் முதல் மழைக்கு வரிசையாக முளைத்து நிற்கும். இரண்டு இலை விட்டதுமே பிடுங்கிவிடுங்கள், கையோடு வரும். ஒரு மாதம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு கடப்பாரைதான்.

4 மார்ச்

"பட்டி போட்டால் எதுவும் மக்க வைக்க வேண்டியதில்லையே, எங்கள் தாத்தா காலத்தில் யார் குழி எடுத்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. இதை விரிவாகவே பார்க்கலாம்.

எங்கள் பக்கம் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மேய்ந்துவிட்டு வரும் செம்மறிகளைச் சாயங்காலம் தோட்டத்தில் படல் கட்டி அடைப்பார்கள். பட்டி போடுவது என்போம். தெற்கே இதுவே கிடை. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் என்ற ஆடு மேய்ப்பவர்கள் மந்தையோடு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்குப் போவார்கள். ஓர் இரவுக்கு இத்தனை ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கிடை அமர்த்துவார்கள். ஒரே இடத்தில் விடாமல் கிடையை நகர்த்திக்கொண்டே போனால் வயல் முழுக்கப் புழுக்கை விழுந்துவிடும்.

இதன் பலம் புழுக்கையில் மட்டும் இல்லை, மூத்திரத்தில் இருக்கிறது. ஆடானாலும் மாடானாலும் வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில்தான் போகிறது. தொழுவத்தில் அது தரையில் ஓடிச் சாக்கடைக்குப் போகும். கிடையில் நேராக மண்ணுக்குள் இறங்கும். ஒரு காசு செலவில்லாமல், ஒரு கூடை சுமக்காமல் எரு வயலுக்கு வந்துவிடுகிறது.

அப்படியும் கிடை போட்ட வயலில் உடனே யாரும் நாற்று நடுவதில்லை, கவனித்தீர்களா? மாசி, பங்குனியில் கிடை கிடந்த வயல் நடவுக்கு ஆடி, ஆவணி ஆகும். நடுவில் கோடை உழவு, ஒரு மழை, இன்னோர் உழவு. மக்குகிற வேலை குழியில் நடக்காமல் வயலிலேயே நடந்துவிடுகிறது. தாத்தா குழி எடுக்கவில்லை என்பது உண்மை. காத்திருந்தார் என்பதும் உண்மை.

கிடை எழுந்ததும் லேசாக உழுதுவிட வேண்டும். மேலாக வெயிலில் கிடந்தால் மூத்திரச் சத்து ஆவியாகப் போய்விடும். காலையில் மந்தையை ஓட்டிக்கொண்டு போன கையோடு கலப்பை இறங்கினால் உத்தமம்.

5 மார்ச்

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. வீட்டுத் தோட்டத்தில் நம்மால் பட்டி போட முடியாது, ஆனால் மூத்திரத்தைப் பிடிக்கலாம். ஒரு மாடோ நாலு ஆடோ வைத்திருப்பவர்கள் தொழுவத்தில் சருகோ தட்டுத்துண்டோ பரப்பி வையுங்கள். அது நனைந்து மிதிபட்டதும் அள்ளி அம்பாரத்தில் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்புங்கள். நனைந்த அந்தக் கூளம் சாணத்தைவிடப் பெறுமதியானது. சிமெண்டுத் தரையைத் தினமும் கழுவித் தெருவில் விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன், யூரியா மூட்டை வாங்கப் போகிற அதே வீட்டில்தான் இது நடக்கிறது.

27 மார்ச்

ஒரு லோடு எரு வாங்கினேன், போட்டதும் தண்ணீரில் சேறாகிறது என்று ஈரோட்டு நண்பர் படம் போட்டிருக்கிறார். அதில் பாதி மண்தான். எனக்கும் ஒரு வியாபாரி இப்படி ஏற்றி அனுப்பியதுண்டு. இறக்குவதற்கு முன்னால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி எரு, நன்றாகக் கலக்கிவிட்டு வையுங்கள். மணலும் மண்ணும் உடனே அடியில் உட்காரும். எரு மெல்ல இறங்கும், நார் மேலே மிதக்கும். அடியில் உட்கார்ந்தது தம்ளரில் ஒரு விரல் கனத்துக்கு இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். தொழுவத்தில் கொஞ்சம் மண் சேரத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து மண் வாங்க வேண்டியதில்லை என்பதுதான்.

9 ஏப்ரல்

புழு! மூன்று பேர் ஒரே வாரத்தில் படம் போட்டுவிட்டீர்கள். கட்டைவிரல் தடிமன், வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, சுருண்டு கிடக்கிறது, கொல்லலாமா என்று.

கொல்வதற்கு முன் அதை ஒரு சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து, காலை மேலே வைத்துக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டின் புழு. மக்குகிறதைத் தின்று பொடியாக்கிக் கொடுக்கும், அம்பாரத்தில் இருக்கட்டும். பாத்திக்கு எடுக்கும்போது மட்டும் பொறுக்கித் திரும்ப அம்பாரத்தில் விடுங்கள்.

முதுகால் ஊராமல் சுருண்டு பக்கவாட்டில் கிடந்தால், அதுவும் பெரிதாக இருந்தால், காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். அந்த வண்டு முட்டையிட விரும்பும் இடமே எருக்குழிதான். வளர்ந்த வண்டு பறந்து போய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டின மாதிரி முக்கோணமாக இலை இல்லாமல் இருந்தால் வண்டு வந்துபோயிருக்கிறது. நாலு தென்னை வைத்திருக்கிற வீட்டில் எருக்குழியைக் கவனிக்காமல் விடுவது தென்னைக்குச் செய்யும் துரோகம்.

இதன் புழுப் பருவம் மூன்று நான்கு மாதம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புரட்டினால் வண்டாகும் முன்பே கையில் சிக்கிவிடும். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், அடித்துக்கொண்டு தின்னும். பெரிய குழியாக இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணம் வேளாண் மையங்களில் கிடைக்கிறது. தண்ணீரில் கலந்து ஊற்றினால் புழுவுக்கு நோய் வந்து, உடம்பில் பச்சையாகப் பூசணம் பூத்துச் சாகும். சூடாக இருக்கும் அம்பாரத்தில் ஊற்றாதீர்கள், பூசணமும் வெந்துவிடும்.

10 ஏப்ரல்

கறையான் வேறு விஷயம். காய்ந்த சாணம், மக்காத தட்டு இரண்டும் அதற்குச் சாப்பாடு. நிலக்கடலைக்கும் தென்னம்பிள்ளைக்கும் பச்சை எரு போட்டவர்கள் கறையானிடம் மாட்டுவது இதனால்தான். மக்கிய எருவில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை.

30 ஏப்ரல்

ஜீவாமிர்தம் ஊற்றினால் எருவே வேண்டாம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர், ஓர் ஏக்கருக்கு. நானும் கரைத்து ஊற்றுகிறேன். நல்ல பொருள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 10 கிலோ பச்சைச் சாணத்தில் தழைச்சத்து 30, 40 கிராம் இருக்கும். ஓர் ஏக்கர் பயிரை அது வளர்க்காது. அது நுண்ணுயிரைப் பெருக்கிவிடுகிற கரைசல். அந்த நுண்ணுயிர் தின்ன மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும். மூடாக்கும் சருகும் எருவும் இருக்கிற மண்ணில் ஊற்றினால் பலன் தெரியும். கடப்பாரை டங்கென்கிற மண்ணில் அதை மட்டும் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது பாவம்.

பஞ்சகவ்யமும் இப்படித்தான். கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைச் செடிகளுக்குத் தெளிக்கிற முறைக்குக் கொண்டுவந்தார், பூக்கும் பருவத்தில் தெளித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எருவின் இடத்தில் அதை வைக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

1 மே

நேற்றைய குறிப்புக்குக் கோபப்பட்டவர்களுக்கு: நான் இயற்கை வேளாண்மையை எதிர்க்கவில்லை, அதில்தான் இருக்கிறேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அய்யா மண்ணில் மட்கு சேர வேண்டும் என்றுதான் கடைசிவரை ஊர் ஊராகப் பேசினார். கரைசலை ஊற்றிவிட்டுச் சருகைக் கொளுத்துவது அவர் சொன்ன வழி இல்லை.

22 மே

லண்டனில் அலாட்மெண்ட் (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) வைத்திருக்கும் தங்கை ஒருவர் குதிரை எரு பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே அவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சூட்டையோ களையையோ அல்ல, களைக்கொல்லியை. அமினோபைரலிட் என்று ஒன்று. புல்வெளியில் அகன்ற இலைக் களையைக் கொல்ல அடிப்பது. அந்தப் புல்லைத் தின்ற குதிரை, மாட்டின் வயிற்றில் அது சிதையாது. எருவிலும் அப்படியே வரும், மக்க வைத்தாலும் சீக்கிரம் போகாது. 2008-ல் பிரிட்டனில் எத்தனையோ பேர் தோட்டத்தில் தக்காளியும் உருளையும் பீன்சும் இலை சுருண்டு பெரணி மாதிரிக் கோணிக்கொண்டன. அந்த வருஷம் அதன் விற்பனையை நிறுத்திவைத்தார்கள், பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள்.

தங்கச்சி, எரு கொடுப்பவரிடம் புல்லுக்கு என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால் சோதித்துப் பாருங்கள். இரண்டு தொட்டியில் பீன்ஸ் விதை, ஒன்றில் எரு கலந்த மண், இன்னொன்றில் எரு இல்லாத மண். மூன்று நான்கு இலை வரட்டும். எரு உள்ளதில் மட்டும் இலை குவிந்து சுருண்டால் அந்த எருவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதே சோதனை இங்கே வேறொன்றுக்கு உதவும். எரு மக்கிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் ஒரு தட்டில் எருவை நிரப்பி, ஈரமாக்கி, வெந்தயமோ தண்டுக்கீரையோ தூவுங்கள். பக்கத்திலேயே வெறும் மண்ணிலும் தூவுங்கள். இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் எரு தயார். எருவில் முளை வந்து நுனி பழுத்தால் இன்னும் காரம் போகவில்லை.

14 ஜூன்

அம்பாரம் பாதியாக இறங்கிவிட்டது, சத்தெல்லாம் போய்விட்டதா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். போகவில்லை. இறங்கியது பெரும்பாலும் கரிமமும் தண்ணீரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மழையில் கரைந்து ஓடாமல் இருந்தால் அப்படியே இருக்கும். உங்கள் படத்தில் எரு கறுப்பாகத் தூள்தூளாக இருக்கிறது. கையில் எடுத்தால் கோழி நெடி அடிக்கிறதா, மழை பெய்த மண் வாசனை அடிக்கிறதா? மண் வாசனை என்றால் ஆடிப் பட்டத்துக்குப் போட்டுவிடலாம். தட்டில் வெந்தயம் தூவிப் பார்த்துவிட்டே போடுங்கள்.

கடைசிக் கொத்துக்கு முன் பரப்பி, பரப்பியதும் கொத்தி மூடிவிடுங்கள். ஊரெல்லாம் பார்க்கிற காட்சி இது: வண்டி எருவைக் குவியல் குவியலாகக் கொட்டிவிட்டு, ஆள் வரவில்லை என்று வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் காப்பாற்றினது அந்த வாரத்தில் காற்றோடு போகிறது.

15 ஜூன்

ஒன்று விட்டுப்போயிற்று. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்ப்பார்கள். அது எருவிலும் வரும். உங்கள் செம்மண்ணுக்கு ஒருமுறை போட்டால் கெடுதல் இல்லை. கரிசலில், கார அமில நிலை (pH) ஏற்கெனவே 8-க்கு மேல் உள்ள மண்ணில், பருவம் தவறாமல் கோழி எருவே போட்டுக்கொண்டிருந்தால் இரும்புச்சத்தைச் செடி எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மணிச்சத்தும் தேவைக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பட்டம் கோழி எரு, அடுத்த பட்டம் தொழுவுரம் என்று மாற்றிப் போடுங்கள். கோழி எருவுக்குச் சென்ட்டுக்கு 100 கிலோ கணக்கும் வேண்டாம், அது தொழுவுரத்துக்கு. இதில் 25 கிலோ தாராளம்.

2 ஜூலை

சென்னை மொட்டைமாடிக்காரர்களுக்குச் சுருக்கமாக. பையில் எரு கால் பங்குக்கு மேல் வேண்டாம். நிலத்தில் உப்பு மழையோடு கீழே இறங்கும், பையில் அது அங்கேயே சுற்றிவரும். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தால் நல்ல தண்ணீரை அடியில் வழிகிற அளவுக்கு ஊற்றிக் கழுவுங்கள். புழுக்கையை முழுசாகப் போட்டால் மேல்தோல் காய்ந்து கல்லாகக் கிடக்கும், மாதக்கணக்கில் உடையாது. ஊறவைத்துப் பிசைந்தோ, இடித்துப் பொடியாக்கியோ போடுங்கள். நாய், பூனை எச்சம் எந்த அம்பாரத்திலும் வேண்டாம், அதில் வரும் குடற்புழுவும் ஒட்டுண்ணியும் மனிதனுக்குத் தொற்றும்.

3 ஜூலை

பச்சையாகத் தின்கிற காய்க்கு எரு போடுவது பற்றிக் கேள்வி. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி இவற்றுக்கு மக்காத எருவைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் பச்சை எரு போட்ட நாளிலிருந்து அறுவடை வரைக்கும் 120 நாள் இடைவெளி வேண்டும், விளைபொருள் மண்ணில் படாது என்றால் 90 நாள். கீரையை ஒரு மாதத்தில் அறுத்துவிடுகிற நமக்கு அந்தக் கணக்கே ஒத்துவராது. சூடேறி மக்கிய எரு மட்டும்தான் வழி.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் எரு பற்றிப் பேசக் கூடாது. எருவிலும் எரு கலந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமியின் வித்து இருக்கும், வருஷக்கணக்கில் சாகாது. காலில் முள்ளோ ஆணியோ குத்திய காயத்தோடு வெறுங்காலில் எரு மிதிக்காதீர்கள். ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவார்கள். அம்பாரம் புரட்டும்போது கையுறை, முகத்தில் ஒரு துண்டு.

8 அக்டோபர்

ஐப்பசி மழை வருகிறது, அம்பாரத்தைத் திறந்து விடலாமா, மூடலாமா? மூடுங்கள். அம்பாரத்துக்கு அடியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வழிந்து ஓடினால் அது சாம்பல்சத்தும் தழைச்சத்தும் கரைந்து போகிற தண்ணீர். மேடான இடத்தில் வையுங்கள், சுற்றிலும் சின்ன வாய்க்கால் இழுத்துவிடுங்கள், மேலே சாணமும் மண்ணும் குழைத்துக் கூம்பாகப் பூசுங்கள். பூச முடியாதவர்கள் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டுக் கல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளை ஒட்டப் போர்த்தினால் காற்றில்லாமல் புளித்து நாறும். தாள்தான் இருக்கிறது என்றால் நாலு குச்சி நட்டுப் பந்தல் மாதிரிக் கட்டுங்கள், பக்கவாட்டில் காற்றுப் போகட்டும். பூசி வைத்ததை நாலைந்து மாதம் தொட வேண்டாம். மாசியில் பிரித்துக் கோடை வெள்ளரிக்கும் வெண்டைக்கும் போட்டுக்கொள்ளலாம். தோட்டத்தில் தென்னை இருந்தால் மட்டும் பூச்சைப் பூர்த்தியாக்கும் முன் ஒருமுறை நன்றாகப் புரட்டிப் புழுவைப் பொறுக்கிவிடுங்கள்.